கோல் வறட்சி ஏன் வருகிறது? ஸ்ட்ரைக்கரை மட்டும் திட்டுவது ஏன் தப்பு?

2019 நவம்பர். ஐஎஸ்எல் சீசன் தொடங்கி சென்னையின் எஃப்சி 4 மேட்ச் ஆடி முடித்திருந்தது. அந்த 4 மேட்சில் அடித்த கோல்கள் எத்தனை தெரியுமா? பூஜ்யம். ஒரு கோல்கூட இல்லை.

அதே டீம் அந்த சீசனின் லீக் சுற்றை முடித்தபோது, 18 மேட்சில் 32 கோல். செமி ஃபைனலில் கோவாவை மொத்தக் கணக்கில் 6-5 என்று வீழ்த்தி, 2020 மார்ச் 14-ல் ஃபைனலும் ஆடியது. முதல் 4 மேட்சில் கோலே பார்க்காத நெரியஸ் வால்ஸ்கிஸ், சீசன் முடிவில் 15 கோல்களுடன் தங்கக் காலணி விருதை வாங்கிக்கொண்டு போனார்.

நடுவில் என்ன நடந்தது? வால்ஸ்கிஸ் திடீரென்று ஃபுட்பால் கற்றுக்கொண்டாரா? இல்லையே. அப்படியென்றால் முதல் 4 மேட்சில் 'இவனுக்கு கோல் அடிக்கவே தெரியலை' என்று சொன்னது யாரைப் பற்றி?

இந்தக் கேள்வி சென்னை ரசிகர்களுக்கு மட்டுமானதில்லை. வடமதுரையில் பஸ் ஏறி, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திண்டுக்கல்லுக்குப் படிக்கப் போகிற ஒரு கல்லூரி ஸ்ட்ரைக்கருக்கும் இது பொருந்தும். போன வருடம் கோல் மழை. இந்த வருடம் முதல் மேட்சிலேயே 0-1 என்று தோற்று வெளியே. உடனே வரும் தீர்ப்பு ஒன்றுதான்: 'பையன் ஃபார்ம்ல இல்லை.' அடுத்த டோர்னமென்ட்டில் அவன் பெஞ்சில்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரமானது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கோல் என்பது கடைசி வேலை

ஒரு கோலை டிவியில் பார்க்கும்போது நம் கண்ணில் நிற்பது கடைசி உதை மட்டும்தான். ஆனால் அதற்கு முன் குறைந்தது நான்கு வேலைகள் நடந்திருக்கும். எதிரணியிடமிருந்து ஒருவர் பந்தைப் பறிக்க வேண்டும். இன்னொருவர் அதைத் தவறவிடாமல் முன்னால் நகர்த்த வேண்டும். மூன்றாமவர் டிஃபெண்டர்களுக்கு நடுவில் இடைவெளியைப் பார்த்து பாஸ் போட வேண்டும். நான்காவதாக, அந்த இடைவெளிக்கு சரியான நொடியில் ஸ்ட்ரைக்கர் ஓடி வந்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் பிறகுதான் உதை.

இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் ஸ்கோர்போர்டு காட்டுவது ஒரே விடையைத்தான்: பூஜ்யம். எது அறுந்தது என்று ஸ்கோர்போர்டு சொல்லாது. அதனால்தான் பழி கடைசியில் நின்றவர் தலையில் விழுகிறது.

இன்னொரு விஷயம். தொழில்முறை ஃபுட்பாலிலேயே கோலை நோக்கி அடிக்கப்படும் ஷாட்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் உள்ளே போகிறது. ஆளே தடுக்காத பெனால்டியில்கூட நாலில் ஒன்று வீணாகிறது. அதாவது தவறவிடுவதுதான் ஸ்ட்ரைக்கரின் அன்றாட வாழ்க்கை. அவருக்கு எத்தனை வாய்ப்பு வந்தது, எவ்வளவு நல்ல வாய்ப்பு வந்தது என்பதைப் பொறுத்தே கோல் எண்ணிக்கை அமையும்.

அதே ஆட்கள், ஆனால் வேறு ஆட்டம்

மறுபடி 2019-க்கு வருவோம். ஜான் கிரெகரி கோச்சாக இருந்த முதல் 6 மேட்சில் சென்னையின் அடித்தது 4 கோல். நவம்பர் இறுதியில் அவர் விலகினார். டிசம்பரில் ஓவன் காய்ல் வந்தார். மீதி 12 லீக் மேட்சில் 28 கோல்.

கணக்குப் போட்டால், மேட்சுக்கு 0.67 கோலாக இருந்தது 2.33 ஆனது. ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். வால்ஸ்கிஸ் அதே வால்ஸ்கிஸ். பின்னாலிருந்து பந்து கொடுத்த பிரேசில் மிட்ஃபீல்டர் ரஃபேல் கிரிவெல்லாரோவும், விங்கில் ஓடிய லாலியன்சுவாலா சாங்டேவும் ஆரம்பத்திலிருந்தே அணியில் இருந்தவர்கள்தான்.

கிரெகரியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. 2017-18-ல் இதே கிளப்புக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். விஷயம் வேறு: ஒரு ஸ்ட்ரைக்கர் சரியாக ஆடுகிறாரா இல்லையா என்பது, அவரைச் சுற்றி யார் எங்கே நிற்கிறார்கள், பந்து எவ்வளவு சீக்கிரம் அவரிடம் வருகிறது என்பதோடு பின்னிக் கிடக்கிறது.

சாங்டேவின் கதையும் இதைத்தான் சொல்கிறது. 2021-22 சீசன் நடுவில் அவர் சென்னையிலிருந்து மும்பை சிட்டிக்குப் போனார். சென்னைக்கு அது கோலுக்குத் தவித்த காலம். அடுத்த சீசனில் மும்பைக்காக ஐஎஸ்எல்-ல் 10 கோல் அடித்தார். அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் அந்த ஆண்டுக்கான சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. கால் அதே கால்தான். சுற்றி நின்றவர்கள்தான் வேறு.

ஒருத்தர் போனால் எல்லாம் போகுமா?

போகும். அதற்கும் சென்னையின் எஃப்சியே உதாரணம்.

2020-ல் ஃபைனல் வரை போன பிறகு காய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். சென்னைக்குப் புது கோச்சாக சாபா லாஸ்லோ வந்தார். கோவிட் காரணமாக மொத்த சீசனும் கோவாவில், ரசிகர்கள் இல்லாத மைதானங்களில் நடந்தது. போதாக்குறைக்கு, எஞ்சியிருந்த கிரிவெல்லாரோவும் சீசன் நடுவில் காயத்தால் வெளியேறினார்.

விளைவு, 20 மேட்சில் 17 கோல். வென்றது 3, டிரா 11, தோல்வி 6. எட்டாவது இடம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த சீசனில் சென்னையின் வாங்கிய கோல்கள் 23 மட்டுமே. ஃபைனலுக்குப் போன முந்தைய சீசனில் 18 லீக் மேட்சிலேயே 26 வாங்கியிருந்தது. அதாவது டிஃபென்ஸ் முன்னேறிவிட்டது. அட்டாக் மட்டும்தான் பாதியாகச் சரிந்தது. மொத்த டீமும் மோசமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பந்தைக் கொடுத்தவரும் அதை முடித்தவரும் இல்லாமல் போனதுதான் பெரிய வித்தியாசம்.

ஒரு டீமில் 'கொடுப்பவர் - முடிப்பவர்' என்ற ஜோடி உருவாக மாதக்கணக்கில் ஆகும். இவர் தலையைத் தூக்கினால் அவர் ஓட ஆரம்பிப்பார் என்ற புரிதல் வகுப்பறையில் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. சேர்ந்து ஆடி ஆடி வருவது. அந்த ஜோடியில் ஒருவர் போனால், பாதி கோல் போகாது. பல நேரம் முழுசும் போய்விடும்.

இங்கிலாந்தில் இதை இன்னும் பெரிய அளவில் பார்த்தார்கள். 2013-14 பிரீமியர் லீக்கில் லிவர்பூல் 101 கோல் அடித்தது. அதில் லூயிஸ் சுவாரஸ் 31, டேனியல் ஸ்டர்ரிட்ஜ் 21. அடுத்த சீசனுக்கு முன் சுவாரஸ் பார்சிலோனாவுக்குப் போனார். ஸ்டர்ரிட்ஜ் காயத்தில் படுத்தார். 2014-15-ல் லிவர்பூல் அடித்தது 52. கிட்டத்தட்ட பாதி.

கோலே அடிக்காதவர் போனாலும் கோல் குறையும்

இது கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். 2015-16-ல் யாருமே எதிர்பார்க்காமல் பிரீமியர் லீக் பட்டம் வென்ற லெஸ்டர் சிட்டி, அந்த சீசனில் 68 கோல் அடித்தது. ஜேமி வார்டி 24, ரியாத் மாரெஸ் 17. பட்டம் வென்ற பிறகும் வார்டி போகவில்லை. மாரெஸ் போகவில்லை. முக்கியமாகப் போனது ஒரே ஒருவர்: நடுவில் நின்று பந்தைப் பறித்துக்கொண்டே இருந்த என்கோலோ காண்டே.

அடுத்த சீசனில் லெஸ்டர் அடித்தது 48 கோல். வார்டி 24-லிருந்து 13-க்கும், மாரெஸ் 17-லிருந்து 6-க்கும் இறங்கினர். கோப்பை வாங்கிக் கொடுத்த கோச் கிளாடியோ ரனியேரி, ஒன்பதே மாதத்தில் வேலையை இழந்தார்.

இந்தச் சரிவுக்கு காண்டே மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. வார்டியின் வேகத்தை எதிரணிகள் புரிந்துகொண்டு, பின்னால் ஓட இடம் கொடுக்காமல் ஆழமாக நின்று ஆட ஆரம்பித்தன. ஆனால் பாடம் தெளிவு. நடுவில் பந்தைப் பறிக்க ஆள் இல்லையென்றால், எதிரணி ஒழுங்காக அணிவகுத்து நிற்கும் முன் தாக்கும் வாய்ப்பே வராது. வார்டி போன்றவர்களுக்குச் சாப்பாடே அந்த வாய்ப்புதான்.

எதிரணி கற்றுக்கொள்வது என்ற அம்சத்தைக் கல்லூரி அணிகள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. போன வருடம் 3 கோல் அடித்தவனை இந்த வருடம் எல்லோருக்கும் தெரியும். அவன் மேல் இரண்டு பேர் ஒட்டிக்கொள்வார்கள். அப்போது அவன் ஆட்டம் மோசமாகத் தெரியும். ஆனால் அந்த இரண்டு பேரால் காலியான இடத்தை மற்றவர்கள் பயன்படுத்தினார்களா என்பதுதான் கேள்வி.

கோவையில் 48 கோல், அதற்குப் பிறகு?

திண்டுக்கல்லுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. கோவை ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்சி, 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்றது. 20 மேட்சில் 48 கோல். பெட்ரோ மான்ஸி மட்டும் 21.

அந்த டீமை சிங்கப்பூரைச் சேர்ந்த கோச் அக்பர் நவாஸ் கட்டியிருந்தார். மான்ஸிக்குப் பின்னால் நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ் என்று ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். கூடவே எட்வின் சிட்னி வன்ஸ்பால் மாதிரி நம் ஊர்ப் பையன்கள். பந்தைத் தரையில் வைத்துச் சின்னச் சின்ன பாஸ்களாக நகர்த்தும் ஆட்டம்.

பட்டம் வென்ற டீமுக்கு என்ன ஆகும்? பெரிய கிளப்புகள் ஆள் எடுக்க வரும். 2019-லேயே கோர்டில்லோ ஹைதராபாத் எஃப்சிக்கும், வன்ஸ்பால் சென்னையின் எஃப்சிக்கும் போனார்கள். அடுத்த சீசன் நடுவில், 2020 ஜனவரியில், மான்ஸி ஜப்பானுக்குப் போனார். ஒரு வருடத்துக்குள் அந்த அட்டாக்கின் முதுகெலும்பே கழன்றுவிட்டது. அதன்பின் அந்த உயரத்தை அந்த கிளப் மறுபடி தொடவே இல்லை.

யாரும் மோசமாக ஆடியதால் நடந்ததல்ல இது. நன்றாக ஆடியதால்தான் நடந்தது. வெற்றியே அணியைக் கலைத்துவிட்டது.

கல்லூரி அணிக்கு இது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது

கிளப்புகளுக்கு எப்போதாவது நடக்கும் இந்தக் கலைதல், கல்லூரி அணிகளுக்கு வருடா வருடம் கட்டாயம் நடக்கிறது. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். எல்லாம் 3 வருடப் படிப்பு. ஏப்ரல் தேர்வு முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு அணி வீட்டுக்குப் போய்விடும். ஜூனில் புதுப் பசங்க வருவார்கள்.

ஒரு எளிய கணக்கு. அணியில் மூன்று வருட மாணவர்களும் சம அளவில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அடுத்த வருடமும் இருப்பதற்கான வாய்ப்பு மூன்றில் இரண்டு. கொடுப்பவர் - முடிப்பவர் ஜோடி இரண்டு பேரும் இருப்பதற்கான வாய்ப்பு? சுமார் 44 சதவீதம். பறிப்பவர், கொடுப்பவர், முடிப்பவர் என்ற மூவரும் இருப்பதற்கான வாய்ப்பு 30 சதவீதம்தான். உண்மையில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஏனென்றால் விளையாடும் 11 பேரில் ஃபைனல் இயர் சீனியர்கள்தான் வழக்கமாக அதிகம்.

அதாவது, கல்லூரி அணியில் நல்ல அட்டாக் தொடர்ந்து 2 வருடம் அப்படியே இருப்பதுதான் அபூர்வம். சரிவதுதான் இயல்பு.

கல்லூரி விளையாட்டில் கோடிக்கணக்கில் பணம் புழங்கும் அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே ஃபுட்பால் என்றால் நீள்வட்டப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். 2019 சீசனில் லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி அணி ஆடிய 15 மேட்சையும் வென்று சாம்பியன் ஆனது. மேட்சுக்கு சராசரியாக 48 புள்ளிக்கு மேல். அந்த அணியின் ஜோ பர்ரோ உட்பட 14 பேரை 2020-ல் தொழில்முறை அணிகள் ஏலம் போலத் தேர்ந்தெடுத்துக்கொண்டன. தாக்குதல் திட்டத்தை வகுத்த உதவி கோச் ஒருவரும் தொழில்முறை அணிக்குப் போனார். 2020 சீசனில் அதே கல்லூரி 5 வெற்றி, 5 தோல்வி. சராசரி சுமார் 32 புள்ளி.

அத்தனை வசதி இருந்தும் அங்கேயே இப்படி என்றால், மாலை ஒரு மணி நேரப் பயிற்சியை நம்பி இருக்கும் நம்மூர்க் கல்லூரி அணியை என்ன சொல்வது?

பஸ் நேரமும் ஒரு காரணம்தான்

வடமதுரை, அய்யலூர், எரியோடு, வேடசந்தூர் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் மாணவருக்கு, கடைசி வகுப்பு முடிந்ததும் மனசு பஸ் ஸ்டாண்டில் இருக்கும். பயிற்சியில் அரை மணி நேரம் நின்றால் ஒரு பஸ் போய்விடும். ஆக, மாலைப் பயிற்சிக்கு ஒரு நாள் 18 பேர், மறுநாள் 9 பேர்.

இதில் முதலில் அடிபடுவது அட்டாக்தான். டிஃபென்ஸை ஓரளவு பாதிப் பேரை வைத்துக்கூடப் பழக்கலாம்: வரிசையாக நில், ஆளைப் பிடி, பந்தை வெளியே தள்ளு. ஒருவர் தவறினால் இன்னொருவர் மூடிவிடலாம். அட்டாக் அப்படியில்லை. பாஸ் போடுபவர் வந்து, ஓடுபவர் வராவிட்டால் அன்றைய பயிற்சி வெறும் உடற்பயிற்சி.

மைதானமும் பேசும். திண்டுக்கல் சமவெளியில் புல் தரை என்பது ஆடம்பரம். காய்ந்த செம்மண் தரையில் பந்து எப்படிக் குதிக்கும் என்று பந்துக்கே தெரியாது. தரையோடு பாஸ் போட்டால் கல்லில் பட்டுத் திரும்பும். அதனால் தூக்கி அடிக்கிறார்கள். ஆடி மாதத்துக் காற்றில் தூக்கி அடித்த பந்து எங்கே போய் விழும்? அது ஸ்ட்ரைக்கரின் தப்பா?

அதிர்ஷ்டம் என்று ஒன்று உண்டு, அதற்குக் கணக்கும் உண்டு

சில சீசன்களில் எந்தக் காரணமுமே இல்லாமலும் கோல் குறையலாம். ஃபுட்பாலில் கோல்கள் மிகக் குறைவு என்பதால் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம்.

ஒரு டீமின் தரம் மேட்சுக்கு சராசரியாக 1.5 கோல் என்று வைத்துக்கொள்வோம். மோசமான டீம் இல்லை. கோல்கள் தற்செயலாக வந்து விழுகின்றன என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அந்த டீமுக்கே 100 மேட்சில் சுமார் 22-ல் கோல் வராது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு நாள்.

இன்னொரு கணக்கு. 2017-18-ல் கோப்பை வென்ற சென்னையின், லீக் சுற்றின் 18 மேட்சில் 24 கோல் அடித்தது. அடுத்த சீசனில், அதே கோச்சின் கீழ், 18 மேட்சில் 16 கோல். வெற்றி 2 மட்டும். பத்து அணிகளில் பத்தாவது இடம். பெரிய வீழ்ச்சியாகத் தெரிகிறது. ஆனால் 18 மேட்சுக்கு 20 கோல் அடிக்கும் தரமுள்ள ஒரு டீம், ஒரு சீசனில் 24-ம் அடுத்த சீசனில் 16-ம் அடிப்பது கணக்குப்படி சாதாரணமாக நடக்கக்கூடியதே.

அந்தச் சரிவுக்கு முழுக்க அதிர்ஷ்டம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மிட்ஃபீல்டின் தூண்களில் ஒருவரான வியாசர்பாடி தன்பால் கணேஷ் காயத்தால் சீசனின் பெரும்பகுதி ஆடவில்லை. முந்தைய சீசனில் 9 கோல் அடித்த ஜேஜே லால்பெக்லுவாவுக்கு ஐஎஸ்எல்-ல் ஒரே கோல்தான் கிடைத்தது. ஆனாலும் லீக்கில் கடைசி இடம் பிடித்த அதே டீம், சில வாரங்களில் 2019 சூப்பர் கோப்பை ஃபைனல் வரை போனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புள்ளிப் பட்டியல் சொன்ன அளவுக்கு அது மோசமான டீம் இல்லை.

இதைக் கல்லூரிக்குப் பொருத்துங்கள். லீக் ஆடும் கிளப்புக்கு 18, 20 மேட்ச் கிடைக்கிறது. அதிர்ஷ்டம் ஓரளவு சமமாகிவிடும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியோ, மாவட்ட அளவிலான முதலமைச்சர் கோப்பையோ, நாக் அவுட் முறையில் ஆடும்போது முதல் மேட்சில் கோல் வரவில்லையென்றால் அதோடு முடிந்தது. ஐந்தில் ஒரு நாள் எல்லோருக்கும் வரும் பூஜ்யம், ஒரு மாணவரின் மொத்த வருடமாகிவிடுகிறது. மூன்றே வருடம் இருப்பவருக்கு ஒரு வருடம் என்பது சின்ன விஷயமில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் மேற்படிப்போ வேலையோ தேடுபவருக்கு அது சான்றிதழ் சமாச்சாரம்.

அப்போது ஸ்ட்ரைக்கரைக் கேள்வியே கேட்கக் கூடாதா?

கேட்கலாம். ஆனால் சரியான கேள்வியாக இருக்க வேண்டும். 'எத்தனை கோல் அடிச்சே?' என்பதற்கு முன் கேட்க வேண்டியது, 'பெனால்டி பாக்ஸுக்குள் எத்தனை தடவை பந்து வந்தது?' என்பது. வரவே இல்லையென்றால் பிரச்சினை நடுவில். வந்தும் அவர் அங்கே இல்லையென்றால் பிரச்சினை ஓட்டத்தில். வந்து, அவரும் இருந்து, தொடர்ந்து வெளியே அடித்தால் அப்போது அவரது உதையைப் பற்றிப் பேசலாம். அப்போதும் மூன்று மேட்சை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

இதற்குப் பெரிய சாஃப்ட்வேர் தேவையில்லை. காயத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு வீரர் கையில் போனைக் கொடுத்தால் போதும். மேட்ச் முழுக்க பாக்ஸுக்குள் வந்த பந்து, அடித்த ஷாட், எங்கிருந்து அடித்தது என்ற மூன்றையும் குறித்துவிடலாம். பெரிய கிளப்புகள் 'எதிர்பார்க்கப்படும் கோல்' என்று போடும் கணக்கின் ஏழை வீட்டு வடிவம் இது. ஆனால் திட்டுவதைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

இரண்டாவது, செட் பீஸ். 2018 மார்ச் 17-ல் பெங்களூருவில் நடந்த ஃபைனலில் சென்னையின் 3-2 என்று வென்றபோது, முதல் இரண்டு கோல்களையும் அடித்தவர் ஸ்ட்ரைக்கர் இல்லை. மெயில்சன் ஆல்வெஸ் என்ற டிஃபெண்டர். இரண்டுமே கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டியவை. கார்னர் பயிற்சிக்குப் புல் தரை வேண்டாம். 22 பேர் வேண்டாம். ஆறு பேரும் இருபது நிமிடமும் போதும். பஸ்சுக்கு முன் முடித்துவிடலாம். அட்டாக் திணறும் சீசனில் ஒரு கல்லூரி அணியைக் காப்பாற்றக்கூடிய மலிவான ஆயுதம் இதுதான்.

மூன்றாவது, ஜோடிகளைத் திட்டமிட்டுச் சேர்ப்பது. ஃபைனல் இயர் மிட்ஃபீல்டருக்கு முன்னால் ஃபைனல் இயர் ஸ்ட்ரைக்கர் என்று வைத்தால், ஏப்ரலில் இரண்டு பேரும் சேர்ந்தே போய்விடுவார்கள். அந்த சீனியரோடு ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையனை ஆட வைத்தால், ஒரு பாதி அடுத்த வருடமும் மிஞ்சும். இந்த வருடம் ஒரு கோல் குறையலாம். அடுத்த வருடம் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

நாக் அவுட் மட்டும் போதாது

மேலே சொன்ன மூன்றையும் ஒரு கோச் தன் அளவில் செய்துவிடலாம். நான்காவது அவர் கையில் இல்லை. அது கல்லூரிகளும் விளையாட்டு நிர்வாகமும் சேர்ந்து செய்ய வேண்டியது: மேட்ச்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது.

திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் ஐந்தாறு கல்லூரிகள் சேர்ந்து, சனிக்கிழமைகளில் ஒரு சின்ன லீக் நடத்தினால், ஒவ்வொரு அணிக்கும் பத்து மேட்ச் கிடைக்கும். கோப்பை பெரிதாக இருக்க வேண்டாம். பத்து மேட்ச் ஆடினால் கொடுப்பவருக்கும் முடிப்பவருக்கும் பழக்கம் வரும். ஒரு மோசமான நாள் ஒருவரின் வருடத்தை விழுங்காது. யாரை எடுப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்ய கோச்சுக்கும் கையில் ஆதாரம் இருக்கும்.

கோல் அதிகமானால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து இரண்டு சீசன்களில் தலா 17 கோல் அடித்து எட்டாவது இடம் பிடித்த சென்னையின், 2022-23-ல் 36 கோல் அடித்தது. இரண்டு மடங்குக்கு மேல். கிடைத்த இடம்? மறுபடியும் எட்டாவதுதான். ஏனென்றால் வாங்கியது 37. அட்டாக்கை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் ஆட்டமே புரியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

வடமதுரைப் பக்கம் மானாவாரி நிலத்தில் கடலை போடுகிற யாரும், விளைச்சல் இல்லாத வருடத்தில் விதையை மட்டும் திட்டுவதில்லை. மழை எப்போது பெய்தது, உழவு எப்படி, களை எடுத்தோமா என்று எல்லாவற்றையும் யோசிப்பார்கள். அடுத்த வருடம் விதைக்காமல் விடவும் மாட்டார்கள்.

ஜூனில் கல்லூரி திறந்து அணித் தேர்வு நடக்கும்போது, போன வருடம் கோல் அடிக்காத பையனும் வந்து வரிசையில் நிற்பான். அவனை அனுப்பிவிடும் முன், அவனுக்கு எத்தனை நல்ல பந்து கொடுத்தோம் என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நியாயம்.